சங்கீதத்தில் தெரிந்துவிடும்

இங்கிலாந்துப் பேராலயங்களின் மாலை ஆராதனையான ஈவன்சாங் கேட்டுவிட்டு வருகிறவர்களிடம் அன்றைக்கு என்ன பாடினார்கள் என்று கேட்டால் ஸ்டான்ஃபோர்டின் ஜி மேஜர் என்பார்கள், ஹவெல்ஸின் குளோஸ்டர் என்பார்கள், ஆந்தம் பர்செலுடையது என்பார்கள். சங்கீதம் எது, யாருடைய சான்ட்டில் பாடினார்கள் என்று சொல்கிறவர் அரிது. பேராலயங்கள் ஒட்டும் இசைப் பட்டியலிலும் பெரும்பாலும் அப்படித்தான்: இசையமைப்பாளர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும், சங்கீதத்துக்கு வெறும் எண். எனக்கு இதில் நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. ஒரு பாடகர் குழு எப்படிப்பட்டது என்பதை மரியாளின் பாட்டான மக்னிஃபிகாட்டை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆந்தமை வைத்தும் முடியாது. அவற்றை ஒத்திகையில் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிவிடலாம். சங்கீதத்தில் தெரிந்துவிடும்.

1549-ல் க்ரான்மர் ஜெபப் புத்தகத்தை அமைத்தபோது 150 சங்கீதங்களையும் மாதத்தின் 30 நாட்களுக்குக் காலை, மாலை என்று பங்குபோட்டார். 31 நாள் வரும் மாதத்தில் கடைசி நாளுக்கு 30-ம் நாளின் பங்கே திரும்ப வரும். 1662-ன் புத்தகத்திலும் அந்த ஏற்பாடு அப்படியே நின்றது. ஆகவே சங்கீதம் ஒவ்வொரு மாலையும் வேறு. பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும் சிறுவர்கள் ஆராதனைக்கு முன் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் ரெஸ்பான்ஸ், கான்ட்டிக்கிள், ஆந்தம் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். சங்கீதத்துக்கு மிஞ்சுவது சில நிமிடங்கள். எட்டு வயதில் சேர்ந்தவன் பதின்மூன்றில் குரல் உடையும்வரை மாதா மாதம் பாடிப் பாடி உடம்பில் ஊறியது என்னவோ அதுதான் மாலையில் வெளியே வரும். ஒத்திகையால் மறைக்க முடியாத இடம் இது.

சங்கீதத்துக்கு மெட்டாக இருக்கும் சான்ட் என்று பார்த்தால் பத்து நோட்டு. இரட்டை சான்ட் ஆனால் இருபது. நாலு சொல் வசனமும் அந்தப் பத்துக்குள் அடங்க வேண்டும், நாற்பது சொல் வசனமும் அடங்க வேண்டும். தாளம் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இருபது, முப்பது பேர் ஒரே வாயாகப் பேசுகிற மாதிரி பாட வேண்டும். பேச்சுபோல வேகம் கூட வேண்டும், குறைய வேண்டும், முக்கியமான சொல்லுக்கு முன் ஒரு மயிரிழை நிதானிக்க வேண்டும். எதிரெதிர் வரிசையில் நிற்கும் டெக்கேனையும் கான்ட்டோரிஸும் வசனத்துக்கு வசனம் மாற்றிக்கொள்ளும்போது தளர்ச்சியோ தள்ளுமுள்ளோ தெரியக் கூடாது. சுமாரான குழு, பல சொற்களை ஒரே சுரத்தில் ஓதும் ரெசைட்டிங் நோட்டில் சொற்களை மளமளவென்று உருட்டிக்கொண்டு போய், சுரம் மாறும் இடம் வந்ததும் ஆசுவாசமாக மெதுவாகும். நல்ல குழுவில் அந்த மாற்றம் எங்கே நடந்தது என்றே தெரியாது. காதில் விழுவது ஒரு வாக்கியம்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த முக்காற்புள்ளி. ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் கவர்டேல் மொழிபெயர்த்த சங்கீதப் புத்தகத்தில் அச்சாகியிருக்கும் இரண்டு புள்ளிகள். அங்கே எல்லோரும் நிறுத்துகிறார்கள். எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. முதல் பாதியின் கடைசி மெய்யெழுத்தை எல்லோரும் ஒரே கணத்தில் வெட்டி, மூச்சை ஒரே கணத்தில் இழுத்து, அடுத்த பாதியின் முதல் அசையில் ஒரே கணத்தில் இறங்க வேண்டும். எண்ணிக் காத்திருந்தால் அது இயந்திரமாகிவிடும். எண்ணாமலே எல்லோரும் சேர்ந்து இறங்குவது என்பது வருஷக்கணக்கில் தினமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டுமே கைகூடும். நான் ஈவன்சாங்குக்குப் போவதே இந்த இடைவெளியைக் கேட்கத்தான் என்று சொன்னால் நண்பர்கள் மிகை என்கிறார்கள். மிகை இல்லை.

1990-களின் பிற்பகுதியில் லண்டனில் வேலை பார்த்தேன். அலுவலகம் செயின்ட் பால்ஸ் பேராலயத்திலிருந்து நடக்கிற தூரம். மாலை ஐந்து மணிக்குத் தப்பித்து வர முடிந்த நாட்களில் எல்லாம் நேரே குவயருக்குள் போய் உட்கார்ந்துவிடுவேன். கிரின்லிங் கிப்பன்ஸ் 1690-களில் செதுக்கிய இருக்கைகள். மேலே ரிச்மண்டின் மொசைக்குகள் மங்கிய பொன்னாக மின்னும். எனக்கு நேர் எதிரே கான்ட்டோரிஸ் வரிசை. ஒரு குளிர்கால மாலை, 20-ம் தேதி, 104-ம் சங்கீதம். சிறுவர் வரிசையின் கோடியில் நிற்கிற அளவுக்குக்கூட உயரமில்லாத ஒரு பயிற்சிச் சிறுவன் நின்றான். இன்னும் பாட அனுமதி கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவன் புத்தகத்தைச் சாய்த்துக் காட்ட, இவன் ஆள்காட்டி விரலால் வரியைத் தொடர்ந்துகொண்டே வந்தான். விரல் ரெசைட்டிங் நோட்டில் வேகமாக ஓடும், கோடு வந்த இடத்தில் தயங்கும், முக்காற்புள்ளியில் காகிதத்தை விட்டு மேலே எழும். எழுந்த விரல் மறுபடி இறங்குவதும் எதிர்வரிசைக் குரல்கள் இறங்குவதும் ஒன்றாக இருந்தன. சமுத்திரத்தைப் பற்றிய வசனம் வரும்போது ஒருமுறை முந்திவிட்டான். பெரியவன் குனிந்து பார்க்கவில்லை. முழங்கையால் லேசாக ஒரு தட்டு. அவ்வளவுதான் பாடம். பேராலயச் சங்கீதம் இப்படித்தான் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகிறது. ஏட்டில் இருப்பது கொஞ்சம்.

அந்த நாட்களில் அங்கே இசைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜான் ஸ்காட். அவரைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன். 1956-ல் வேக்ஃபீல்டில் பிறந்தவர்; அந்த ஊர்ப் பேராலயத்தில் பாடிய சிறுவன். கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் ஜார்ஜ் கெஸ்ட்டிடம் ஆர்கன் ஸ்காலர். செயின்ட் பால்ஸில் 1990 முதல் 2004 வரை ஆர்கனிஸ்ட், இசை இயக்குநர். பிறகு நியூயார்க்கில் ஐந்தாம் அவென்யூவின் செயின்ட் தாமஸ் ஆலயம். 2015 ஆகஸ்டில், ஐம்பத்தொன்பது வயதில், திடீரென்று இறந்துபோனார். உலகம் அவரை ஆர்கன் கலைஞராகத்தான் கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான், பாக்கையும் மெசியானையும் முழுத் தொடர்களாக வாசித்தவர். ஆனால் அவர் விட்டுப்போனதில் நூறு வருஷம் நிற்கப்போவது எது என்று கேட்டால், ஹைப்பீரியன் நிறுவனம் வெளியிட்ட அந்தப் பன்னிரண்டு இசைத்தட்டுகள் என்பேன்: செயின்ட் பால்ஸ் குழு பாடிய 150 சங்கீதங்களும், ஒன்று விடாமல்.

அந்தக் கட்டடத்தில் சங்கீதத்தைப் பதிவுசெய்வது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது அங்கே ஒரு மாலை உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். வெறும் கட்டடத்தில் ஒரு ஒலி முழுக்க அடங்க ஒன்பது விநாடி ஆகும் என்பது அங்கே வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கவிகைக்கு அடியில் போன குரல் திரும்பி வரும்போது பாடகர் அடுத்த வசனத்தைப் பாதி முடித்திருப்பார். ஹவெல்ஸ் 1951-ல் செயின்ட் பால்ஸுக்கென்றே எழுதிய கான்ட்டிக்கிள்களில் ஸ்வரக்கூட்டங்கள் நிதானமாக மாறுவதற்குக் காரணம் இந்த எதிரொலிதான். இசையமைப்பாளருக்கு அந்த வசதி உண்டு, மெதுவாக எழுதிவிடலாம். சங்கீதம் பாடுகிறவருக்கு அது இல்லை. சொல் ஓட வேண்டும். ஆனால் ஓடினால் சேறாகிவிடும்.

ஸ்காட் கண்ட வழி மெய்யெழுத்து. அந்தத் தட்டுகளில் உயிரொலிகள் நீளவே இல்லை என்று சிலர் குறைசொல்வார்கள். நீளாமல் இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம். ட், ட்ஸ், க் என்று முடியும் சொற்களின் வால் எல்லோருடைய வாயிலும் ஒன்றாக வெட்டப்படுகிறது. அந்த வெட்டுக்குப் பிறகு வருகிற எதிரொலியில் முந்தைய சொல் மங்கலாக மிதக்கும்போது, அதன் மேல் அடுத்த சொல் தெளிவாக எழுதப்படுகிறது. முக்காற்புள்ளியில் முழு எதிரொலி அடங்கும்வரை காத்திருந்தால் சங்கீதம் செத்துப்போகும். காத்திராமல் விழுந்தால் கலங்கிவிடும். எதிரொலியின் முதல் அலை மட்டும் தணிகிற ஒரு கணம் இருக்கிறது. அந்தக் கணத்தில் இறங்குகிறார்கள். வசனத்துக்கு வசனம் அந்தக் கணம் இடம் மாறுகிறது, ஏனென்றால் உரத்துப் பாடிய வசனத்தின் எதிரொலி கூடுதல், அடக்கிப் பாடியதன் எதிரொலி குறைவு. இருபது வருஷத்துக்கு மேலாக இந்தத் தட்டுகளைக் கேட்கிறேன். இரண்டு இடைவெளிகள் ஒன்றுபோல இருக்கும் பக்கம் ஒன்றை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இந்தத் தெளிவு ஸ்காட்டுக்கு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கெஸ்ட்டிடமிருந்து. ஜார்ஜ் கெஸ்ட் வேல்ஸ்காரர். 1951 முதல் 1991 வரை, நாற்பது வருஷம் செயின்ட் ஜான்ஸ் குழுவை நடத்தியவர். கேம்பிரிட்ஜில் தெருவுக்குத் தெரு இருக்கும் அந்தப் பழைய வழக்கு வாசகர்களுக்குத் தெரிந்ததே: கிங்ஸா, செயின்ட் ஜான்ஸா? வில்காக்ஸ் இயக்கிய காலத்துக் கிங்ஸ் குழுவின் சங்கீதத்தை வணங்கத்தான் வேண்டும். அந்த ஒழுங்கு, அந்தப் பளிங்குத்தனம், ட்ரெபிள்களின் அந்த வெண்மை. ஆனால் எனக்கு அதில் ஒரு குறை. அழுகிற சங்கீதமும் சபிக்கிற சங்கீதமும் சந்தோஷப்படுகிற சங்கீதமும் ஒரே அழகில் வருகின்றன. கெஸ்ட்டின் சிறுவர்களுடைய குரலில் ஒரு விளிம்பு இருந்தது, கொஞ்சம் காரம் இருந்தது. கோபமான வசனத்தில் அந்தக் காரம் வெளியே தெரிந்தது. தாவீது கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொண்டதாகக் கேட்க வேண்டும். கிங்ஸ் ரசிகர்கள் இதைப் பண்பில்லாத குரல் என்பார்கள். சங்கீதப் புத்தகமே அவ்வளவு பண்பான புத்தகம் இல்லை என்பது என் பதில்.

சொல்லோட்டத்தில் பாடுவது பேராலயங்களில் தொன்றுதொட்டு இருந்தது என்று நினைப்பது தவறு. எந்த அசை எந்த நோட்டில் விழும் என்று புள்ளியிட்டு ஒரு சங்கீதப் புத்தகத்தை முதன்முதலில் அச்சிட்டவர் ஈலி பேராலயத்தின் ராபர்ட் ஜேன்ஸ்; ஆண்டு 1837. அதற்கு முன்னால் ஒவ்வொரு பேராலயத்திலும் வாய்வழி வந்ததுதான் வழி. 1875-ல் வந்த கதீட்ரல் சால்ட்டர் நாடெங்கும் பரவியது; அதோடு ஒரு நோயும் பரவியது. ரெசைட்டிங் நோட்டின் கடைசியில் ஒரு அசையைத் தேர்ந்து அதில் எல்லோரும் தொம்மென்று குதிப்பார்கள். பழைய ஒலிப்பதிவுகளில் இதைக் கேட்டால் படிக்கட்டில் ஒவ்வொரு படியிலும் பெட்டியை இறக்கிவைக்கிற சத்தம்போல இருக்கும். கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ், சிட்னி நிக்கல்சன் போன்றவர்கள் பாடுபட்டுத்தான் அந்தக் குதிப்பை இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் போக்கினார்கள். நிக்கல்சன் இதற்காகவே வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் வகித்த பதவியை விட்டவர் என்று சொன்னால் பெரிய மிகை ஆகாது; ஆலய இசைக்கு ஒரு பள்ளியை நிறுவிவிட்டு 1928-ல் வெளியேறினார். இன்று நாம் இயல்பு என்று நினைக்கிற ஓட்டம் அவர்களுடைய கொடை.

சான்ட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து நோட்டில் என்ன மேதைமை காட்ட முடியும் என்று கேட்பவர்களை நான் 23-ம் தேதி மாலைக்கு அனுப்புவேன். 114-ம் சங்கீதத்துக்கு யார்க் மின்ஸ்டரின் எட்வர்ட் பேர்ஸ்டோ எழுதியதைக் கேளுங்கள். டோனஸ் பெரெக்ரினஸ் என்ற பழைய மெட்டை எடுத்து, எகிப்தைவிட்டுப் புறப்படுகிற ஜனத்தின் நடையை அதில் வைத்துவிட்டார். செயின்ட் பால்ஸிலேயே பார்த்தாலும் போதும். வியன்னாவில் மொஸார்ட்டிடம் படித்த தாமஸ் அட்வுட் அங்கே 1796 முதல் 1838 வரை ஆர்கனிஸ்ட். அவருடைய மாணவர் ஜான் காஸ் அடுத்து 1872 வரை. இருவருடைய சான்ட்டுகளும் இன்றைக்கும் சாதாரண செவ்வாய்க்கிழமை மாலைகளில் பாடப்படுகின்றன. யாரும் கைதட்டுவதில்லை, யார் எழுதியது என்று கேட்பதும் இல்லை.

ஆர்கனிஸ்டுகளோடு எனக்கு ஒரு சச்சரவு உண்டு. சங்கீதத்துக்கு வாசிப்பது பெரிய கலை. சொல்லுக்குச் சொல் ஸ்டாப்பை மாற்றி நிறம் தருவது பேராலய ஆர்கனிஸ்டுகளின் தனித்திறமை. ஆனால் 78-ம் சங்கீதத்தில் தவளை வந்தால் தவளை, ஈ வந்தால் ஈ, கல்மழை வந்தால் கல்மழை என்று எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைக்கிறார்கள். புன்னகைக்கிற நேரத்தில் அடுத்த வசனம் போய்விடுகிறது. கவனத்தைச் சொல்லிலிருந்து பிடுங்குகிற எந்த நிறமும் கூடுதல்தான். நல்ல ஆர்கனிஸ்ட் ஒரு முழுச் சங்கீதத்தில் ஓரிரு இடத்தில் மட்டும் கைவரிசை காட்டுவார். வேறொரு இடத்தில் ஒன்றுமே வாசிக்காமல் கையை எடுத்துவிடுவார். ஆர்கன் நின்று, குரல்கள் மட்டும் அந்தரத்தில் தொடரும் அந்த ஓரிரு வசனங்களுக்காக எத்தனை தவளைகளையும் விட்டுக்கொடுக்கலாம்.

ஹவெல்ஸ் பக்தர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். 1945-ன் கொலீஜியம் ரெகாலேயும் மறு ஆண்டின் குளோஸ்டரும் என் உயிருக்கும் வேண்டியவைதான். மக்னிஃபிகாட்டில் வல்லவர்களைக் கடவுள் ஆசனங்களிலிருந்து தள்ளும் இடத்தில் முரட்டுத்தனம் கூடாது, அது ஒரு பெண்ணின் பாட்டு என்று எண்ணி எழுதியவர் அவர். சிமியோனின் பாட்டை மென்மையான ஒரு டெனரிடம் ஒப்படைத்தவர். சொல்லுக்கு இவ்வளவு அடங்கி எழுத அவர் எங்கே கற்றார்? குளோஸ்டர் பேராலயத்தில் ஹெர்பர்ட் ப்ரூவரிடம் மாணவனாக இருந்த காலத்தில் அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது சங்கீதம். அதை விட்டுவிட்டு அவரை மட்டும் ரசிப்பது வேரை மறப்பது.

சிறுவர் குரலா சிறுமியர் குரலா என்ற சண்டையையும் இங்கே இழுக்க விரும்பவில்லை. 1991-ல் சால்ஸ்பரி சிறுமியருக்கெனத் தனிக் குழு தொடங்கியபோது கிளம்பிய புழுதி எல்லோருக்கும் நினைவிருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சால்ஸ்பரிச் சிறுமியர் சங்கீதம் பாடுவதைக் கேட்டிருக்கிறேன். முக்காற்புள்ளியில் அவர்களும் ஒன்றாகத்தான் மூச்செடுக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இந்த ருசி பாளையங்கோட்டையில் தொடங்கியது. திருநெல்வேலி அத்தியட்சாதீனத்துப் பிள்ளைகளுக்கு ஈவன்சாங் அந்நியமே அல்ல. தமிழில் நாங்கள் சொல்லி வளர்ந்த மாலை ஜெபம் க்ரான்மருடைய அதே வரிசைதான். பாவ அறிக்கை, சங்கீதம், பழைய ஏற்பாடு, மரியாளின் பாட்டு, புதிய ஏற்பாடு, சிமியோனின் பாட்டு. சங்கீதத்தை நாங்கள் பாடவில்லை, வாசித்தோம்: ஐயர் ஒரு வசனம், சபையார் ஒரு வசனம். ஆச்சிக்குக் கண் தெரியாது. புத்தகமே இல்லாமல் சபையாரின் பங்கைச் சொல்லுவாள். வசனத்தின் நடுவில் எல்லோரும் கொஞ்சம் நிற்பார்கள். யாரும் கற்றுக்கொடுக்காமலே இருநூறு பேர் நிற்பார்கள். செயின்ட் பால்ஸில் முதல் மாலை உட்கார்ந்தபோது எனக்குப் பரிச்சயமாக இருந்தது இசை அல்ல, அந்த நிறுத்தம்.

இனி குறையைச் சொல்லிவிடுகிறேன். சங்கீதத்தை வெட்டுகிறார்கள். முதலில் 1928-ன் திருத்தப் புத்தகம் சாப வசனங்களை அடைப்புக்குள் போட்டது. பாராளுமன்றம் அந்தப் புத்தகத்தை ஏற்கவில்லை, ஆனால் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. 28-ம் தேதி மாலை 137-ம் சங்கீதத்தில் பாபிலோன் ஆற்றங்கரை அழுகை இருக்கும், கடைசியில் வருகிற பயங்கரம் இருக்காது. அதையாவது மனச்சாட்சி என்று ஏற்கலாம். பிறகு வந்தது நேரம். புதிய அட்டவணைகளில் ஒரு மாலைக்கு ஒரு சிறு சங்கீதம், அதிலும் சில வசனங்கள். மிச்சமான நேரத்தில் ஒலிபெருக்கியில் வரவேற்புரை, ஒரு கீதம், சில இடங்களில் ஒரு பிரசங்கம். சில வருஷங்களுக்கு முன் ஒரு பேராலயத்துக்கு 15-ம் தேதி பார்த்துப் போனேன், 78-க்காகவே. எழுபதுக்கு மேற்பட்ட வசனங்களில் எட்டைப் பாடினார்கள். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. சிவந்த கடலும் மன்னாவும் கல்மழையும் எதுவும் இல்லை. இருக்கையைவிட்டு எழுந்து வந்துவிடலாமா என்று இருந்தது. பிறகு ஹவெல்ஸ் அழகாகத்தான் பாடினார்கள்.

இந்தத் துறையில் புலம்பல் பழையது என்பதை அறிவேன். எஸ். எஸ். வெஸ்லி 1849-லேயே பேராலய இசையின் சீரழிவைப் பற்றித் துண்டுப்பிரசுரம் எழுதினார். குறைந்தது பன்னிரண்டு ஆண்குரல்கூட இல்லாமல் என்ன பாடகர் குழு என்று கேட்டார். கேட்க அவருக்கு உரிமை இருந்தது. ஹெரெஃபோர்டில் ஒரு ஈஸ்டருக்குச் சிறுவர்களும் ஒரே ஒரு பாஸ் குரலும்தான் கிடைத்தார்கள் என்று அதற்கேற்ப ஆந்தம் எழுத வேண்டியிருந்தவர் அவர். செயின்ட் பால்ஸின் நிலைமை அதற்கும் முன்னே இன்னும் கேவலம்; பாடகர் சிறுவர்களுக்குப் படிப்பும் இல்லை, பராமரிப்பும் இல்லை. மரியா ஹாக்கெட் என்ற ஒரு தனிப்பெண் அறுபது வருஷம் போல நிர்வாகிகளோடு மல்லுக்கட்டியிராவிட்டால், நாடெங்கும் பேராலயம் பேராலயமாகப் போய்ச் சிறுவர்களைப் பார்த்து விசாரித்திராவிட்டால், 1872-ல் ஆர்கனிஸ்டாக ஸ்டெய்னர் வந்தபோது சீர்திருத்தப் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது. 1645-ல் ஜெபப் புத்தகமே தடைசெய்யப்பட்டுக் குழுக்கள் கலைக்கப்பட்டன. 1660-க்குப் பிறகு ஏறக்குறைய ஒன்றுமில்லாததிலிருந்து எல்லாம் மறுபடி தொடங்கியது. ஆகவே இது அழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அன்றைய ஆபத்துகளை எல்லோரும் ஆபத்து என்று கண்டார்கள். 2020-ல் ஷெஃபீல்ட் பேராலயம் தன் குழுவைக் கலைத்தபோதும் செய்தி ஆனது, கண்டனம் எழுந்தது. சங்கீதத்தை வெட்டுவது செய்தி ஆவதில்லை. குழு இருக்கிறது, சீருடை இருக்கிறது, ஆந்தம் முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் முப்பது நாளும் முழுச் சங்கீதம் பாடி ஊறாத சிறுவனுக்கு அந்த இடைவெளி எப்படி வரும்? ஒரு மாலைக்கு எட்டு வசனம் பாடுகிறவன் அதை ஆந்தம்போல ஒத்திகை பார்த்துப் பாடுகிறான். மெருகு இருக்கிறது, பேச்சு இல்லை. இப்போது கிடைக்கும் பல ஒளிபரப்புகளில் சங்கீதம் அழகாக, ஜாக்கிரதையாக, கையைப் பிடித்து நடத்தப்படுவதாக எனக்குக் கேட்கிறது. பிபிசி 1926 அக்டோபர் 7-ல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியிலிருந்து தொடங்கிய ஈவன்சாங் ஒலிபரப்பு இன்னும் வாரந்தோறும் வருகிறது. அங்கே சங்கீதத்துக்கு ஓரளவு மரியாதை இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அன்றைய தேதிக்குரிய சங்கீதங்களை முழுதாகவே பாடும் குழு அமையும் புதன்கிழமைகளில், ரேடியோவிலும்கூட வித்தியாசம் முதல் இரண்டு வசனத்தில் தெரிந்துவிடுகிறது.

நேரம் இல்லை என்கிறார்கள். 78-ஐ முழுக்கப் பாடக் கால் மணி நேரம்போல ஆகும். அந்தக் கால் மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை முழுதாகக் கேட்டவர் நேரத்தைப் பற்றிப் பேச மாட்டார். கலகம் செய்த ஜனத்தின் கதை தொடங்கும்போது சான்ட் ஒன்று. வாதைகள் வரும்போது மாறும். கடவுள் தூங்கி எழுந்த வீரனைப்போல எழும் வசனத்துக்கு முன் பல இடங்களில் மறுபடி மாறும். அறுபது வசனம் தாண்டும்போது சிறுவர்களின் குரலில் ஒரு களைப்பு வருகிறது. அந்தக் களைப்பு அந்தக் கதைக்குத் தேவை. ஆட்டுத் தொழுவத்திலிருந்து தாவீதை அழைத்துவரும் கடைசி வசனங்களை, எழுபது வசனம் நடந்து வந்த குரலால்தான் பாட முடியும். எட்டு வசனம் பாடி நேரே அங்கே போய்ச் சேர்ந்தால் அது வெறும் அழகு.

இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் மாதத்தின் நடுவில் ஒரு மாலையை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ஈவன்சாங்குக்கு எந்தப் பேராலயத்திலும் கட்டணம் கிடையாது. கொஞ்சம் முன்னதாகப் போய்க் கேட்டால் பெரும்பாலான இடங்களில் குவயருக்குள்ளேயே, பாடுகிறவர்களுக்குப் பக்கத்தில் இடம் தருவார்கள். போக முடியாதவர்களுக்கு ஸ்காட்டின் தட்டுகள் இருக்கின்றன. 104-இல் தொடங்குங்கள், பிறகு 78. நேரில் போவதானால் இசைப் பட்டியலை முதலில் பாருங்கள். 15-ம் தேதி மாலைக்கு எதிரே, வசன எண் எதுவும் ஒட்டிக்கொண்டிராமல், 78 என்று மட்டும் போட்டிருந்தால் அந்தப் பேராலயத்துக்குப் போங்கள். அன்றைக்கு ஆந்தம் எதுவாக இருந்தாலும் சரி.